குட்டையனுக்குப் பொங்கல் வரைக்கும் கெடு

1-12-2008, திங்கள்

மழை விட்டு மூன்று நாளாகிறது. மிளகாய்க் கன்றெல்லாம் தலை நிமிர்ந்துவிட்டது. வடக்கு வரிசையில் பதினொரு கன்றை ஆடு கடித்திருக்கிறது. யாருடைய ஆடு என்று ஊருக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்: சண்முகவள்ளியின் ஆடு. காலமாகிப்போன என் வீட்டுக்காரருடைய கூடப்பிறந்த தங்கச்சி. வாக்கப்பட்ட ஊரில் ஆறு மாதம் இருந்துவிட்டு, பிறந்த ஊருக்கே திரும்பிவந்து அடுத்த மனையில் வீடு கட்டிக்கொண்டவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதை வைத்துக்கொண்டு எழுதுவது எதற்கென்றால், நாளைக்கு யாரும் என்னிடம் வந்து 'நான் எப்பச் சொன்னேன்?' என்று கேட்கக் கூடாது.

மகன் பூமிநாதன் பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். அதே பேச்சு. ஐப்பசியில் நான் தொட்டியடியில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு ஒடிந்து, யாரும் பார்க்காமல் மத்தியானம் வரைக்கும் கிடந்தேன் அல்லவா, அதிலிருந்து இவனுக்கு ஒரே பாட்டுத்தான். தனியாக இருக்கக் கூடாது, மதுரையில் தங்கச்சி வீட்டுக்குப் போ. என் மகள் வீடு மூன்றாவது மாடி. சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சன்னல். அங்கே நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

'ஏலே, எனக்கு இடுப்பு ஒசரத்துக்கு ஒரு நாய் வாங்கிக் குடு. விழுந்தா கொரைக்கும், ஊரு கூடிரும்' என்று போன மாதமே சொன்னேன். இன்றைக்கு 'சரிம்மா, நாயோட வாரேன்' என்கிறான். இவன் ஒரு காரியத்துக்கு இவ்வளவு சுளுவாகச் சரி சொல்லி நான் பார்த்ததில்லை. ஏதோ இருக்கிறது.

6-12-2008, சனி

இருந்தது.

காரிலிருந்து இறங்கியதைப் பார்த்து முதலில் நாய் என்றே நினைக்கவில்லை. உடம்பு ஒரு நல்ல நாயுடைய உடம்பு. தலை நரித்தலை. காது முயல்காது. கால் மட்டும் வைக்க மறந்துவிட்ட மாதிரி நாலு விரற்கடை. வால் இல்லவே இல்லை. 'வால் எங்கலே?' என்றேன். 'குட்டியிலயே எடுத்துருவாகம்மா, அதான் வழக்கம்' என்றான். எடுக்க வேண்டாததை எடுத்துவிட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

கார்கி என்ற சாதியாம். வெள்ளைக்காரன் சீமையில் ராணி வளர்க்கிற சாதியாம். ராணிக்கென்ன, வேலிக்கு வேலி காவலுக்கு ஆள் நிற்கும். அவளுக்கு எந்த நாயும் போதும்.

பிறகுதான் கதை வருகிறது. பூமியின் ஆபீசில் மேலதிகாரியாக இருந்த வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது இதை இவனிடம் விட்டுப் போனாராம். இப்போது இவனுக்குத் தை மாதம் மஸ்கட்டில் வேலை, குடும்பத்தோடு போகிறான், நாயைக் கொண்டுபோக முடியாது. அவர் விட்டதை இவன் பிடித்தான், இவன் விடுவதை நான் பிடிக்க வேண்டும்.

கெடு என்னவென்றால்: பொங்கல் வரைக்கும் நான் வைத்துப் பார்க்க வேண்டியது. பிடித்தால் நாயும் நானும் இந்த வீட்டிலேயே இருக்கலாம். பிடிக்காவிட்டால் நாய் ஓசூரில் இவன் கூட்டாளி வீட்டுக்கு, நான் மதுரைக்கு. 'வேற நாய் பாத்துத் தாரேன்லாம் சொல்ல மாட்டேன்மா. எனக்கு நேரமில்ல' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டான்.

பேத்தி இந்துஜா மூன்றாவது படிக்கிறாள். நாயைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதுவிட்டு, கம்ப்யூட்டரில் பார்த்துத் தமிழில் எழுதியது என்று ஒரு தாளைக் கொடுத்தாள். மேலே 'இந்த நாய் உங்களுக்குச் சரியா?' என்று போட்டு, கீழே கேள்விகள். 'அப்பத்தா, தெனமும் ஒண்ணு பாருங்க' என்றாள். நாயின் பெயர் டியூக். அது என் வாயில் வரவில்லை. குட்டையா என்றேன். உடனே வந்து என் காலடியில் உட்கார்ந்துகொண்டது. அந்த மட்டுக்கும் புத்தி இருக்கிறது.

7-12-2008, ஞாயிறு

அவர்கள் கிளம்பிப் போனார்கள். நாய் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. சோறு வைத்தேன், திரும்பிப் பார்க்கவில்லை.

8-12-2008, திங்கள்

தின்றது. என் சோற்றையும்.

10-12-2008, புதன்

கேள்வி: 'உங்கள் வீட்டில் முடி உதிர்ந்தால் பரவாயில்லையா?' பரவாயில்லை என்று யார் சொன்னது? பாயில் முடி, குடத்தில் முடி, இன்றைக்கு ரசத்தில் முடி. கூட்டிக் குவித்துப் பார்த்தேன், இன்னொரு நாய் செய்யலாம்.

கேள்வி: 'உங்கள் ஊர் வெயில் எப்படி?' இதை எழுதியவர் சாயல்குடிப் பக்கம் வந்ததில்லை. கார்த்திகையிலேயே இதற்கு நாக்கு தொங்குகிறது. பத்து மணிக்கெல்லாம் குளிக்கிற இடத்து ஈரத்தில் வயிற்றைப் பரப்பிப் படுத்துவிடுகிறது. நான் குளிக்க வேண்டுமானால் இதனிடம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். சித்திரையில் என்ன செய்யும்?

கால்தான் யோசனையாக இருக்கிறது. குட்டியாகத்தான் இருக்கும், தீனி போதாமல் கால் வளராமல் நின்றிருக்கும். பெங்களூரில் என்னத்தைப் போட்டிருப்பார்கள், பிஸ்கோத்துதானே. காலையில் கேப்பைக் கூழும் ஒரு முட்டையும், மத்தியானம் சோறும் சாளைக் கருவாடும், பொழுது சாய இன்னொரு முட்டையும் கொடுத்துவருகிறேன். என் அய்யா வீட்டு நாய்கள் எல்லாம் இந்தத் தீனியில்தான் இடுப்புக்கு வளர்ந்தன.

அந்த நாய்களில் ஒன்று நான் கல்யாணமாகி வந்தபோது வண்டிக்குப் பின்னாலேயே பன்னிரண்டு மைல் ஓடிவந்தது. 1974 ஆவணி. பந்தலில் எல்லாரும் இருக்கும்போது இந்த வள்ளி கேட்டாள்: 'நகை கொறச்சலா இருக்குன்னு நாயையும் சேத்து அனுப்பிட்டாகளோ?' அப்போது அவளுக்குப் பதினாறு வயது. பச்சைத் தாவணி. ஊரே சிரித்தது. முதலில் சிரித்தது அவள் பெரியம்மா மகன்.

14-12-2008, ஞாயிறு

காவல் எப்படி என்று பார்க்க வேண்டாமா? இன்றைக்குப் பழைய பேப்பர்க்காரன் ஒருத்தன் கேட்காமல் உள்ளே நுழைந்தான். இது குரைத்தது. நல்ல கனத்த குரல், உடம்புக்குச் சம்பந்தமில்லாத குரல். அவன் பயந்து இரண்டு அடி பின்னால் போனான். சரி, பரவாயில்லையே என்று நான் எழுந்து வருவதற்குள், மல்லாக்கப் படுத்து அவனிடம் வயிற்றைக் காட்டிக்கொண்டிருக்கிறது. 'பாட்டி, இது கொழுத்த கீரிப்புள்ளையா?' என்று கேட்டான் அவன்.

மானம் போனது. ஆனாலும் 'எங்க நாயை எதுக்குடா கீரின்னு சொல்ற?' என்று அவனைத்தான் திட்டினேன். ஏன் திட்டினேன்? தெரியவில்லை.

17-12-2008, புதன்

மார்கழி பிறந்துவிட்டது. கால் வளரவில்லை. வயிறு வளர்ந்திருக்கிறது. இப்போது நடந்தால் வயிறு புல்லைத் தொடுகிறது.

ஆட்டோ வைத்துச் சாயல்குடி கால்நடை டாக்டர் சேதுராமனிடம் கொண்டுபோனேன். அவர் நாயைத் தராசில் நிறுத்திப் பார்த்துவிட்டு, என்ன தீனி என்று கேட்டார். சொன்னேன். 'எதுக்கும்மா இம்புட்டு?' 'கால் வளரட்டும்னுதான்.' அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 'அம்மா, இதுக்கு மூணு வயசு முடிஞ்சிருச்சு. இதோட கால் இம்புட்டுதான். இனிமே ஒரு முட்டை போட்டாலும் முதுகெலும்பு போயிரும்.'

மூன்று வயதாம். பூமி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கம்பவுண்டர் சிரித்தான். அவன் பெயர் தனுஷ்கோடி. முன்பல்லில் சொத்தை.

டாக்டர் ஒன்று சொன்னார்: 'இது மாடு ஓட்டுறதுக்குன்னே உண்டான சாதிம்மா. குதிகாலைக் கடிச்சு ஓட்டும், மாடு எத்துனா குனிஞ்சு தப்பிச்சுக்கிரும். அதுக்குத்தான் கால் குட்டை. நடக்கவிடுங்க, ஓடவிடுங்க, கட்டிப்போடாதீங்க.' நம்மிடம் மாடு ஏது? 1999லேயே விற்றாயிற்று.

18-12-2008, வியாழன்

கட்டை அவிழ்த்துவிட்டேன். வேலிப்பக்கம் போய் வள்ளியின் ஆடுகளையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு மணி நேரம் அசையவில்லை. படம் பார்க்கிற மாதிரி.

20-12-2008, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானம் கண்ணசந்து எழுந்தால் வீட்டைச் சுற்றி ஒரே கத்தல். வெளியே வந்தேன். என் முற்றத்தில் பதினான்கு ஆடு. வள்ளியின் பதினான்கு ஆடும். கருவேலங்காட்டில் ஆளுக்கொரு பக்கம் மேய்ந்துகொண்டிருந்ததை எல்லாம் இந்தக் குட்டையன் போய்ச் சேர்த்து, குதிகாலைக் கவ்விக் கவ்வி, வேலிச்சந்து வழியாக என் முற்றத்தில் கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தியிருக்கிறான். ஒரு குட்டி நகர்ந்தால் போதும், ஓடிப்போய்த் திரும்பக் கூட்டத்தில் தள்ளுகிறான். ஆடு அத்தனையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிற்கிறது. நான் வந்ததும் என் முகத்தைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி.

என் கன்றைத் தின்கிற ஆட்டை விரட்டுவதற்கு நான் நாய் கேட்டால், அது ஆட்டை எனக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது!

வேலிக்கு அந்தப்பக்கம் வள்ளி வந்துவிட்டாள். எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை, பதினைந்து வருஷமாக. 1993 பங்குனியில் களத்தில் காயப்போட்ட என் மிளகாயில் அவள் ஆடு புகுந்தது. 'ஆடு மொளகா திங்குமா?' என்று எல்லார் முன்னாலும் என்னைப் பொய்க்காரி ஆக்கினாள். அவள் கிடாய் அங்கேயே நின்று மூன்று தரம் தும்மியது. அதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றோடு சரி.

பேச்சுத்தான் இல்லையே தவிர, சாடை உண்டு. அவள் தன் கோழியைப் பார்த்துச் சொல்வாள், எனக்குக் கேட்கும். நான் என் வாளியைப் பார்த்துச் சொல்வேன், அவளுக்குக் கேட்கும்.

'பாத்தியா கோழி, ஒலகத்துல ஆடு களவாங்குறதுக்குன்னே பட்டணத்துலருந்து நாய் எறக்குறாக!' என்றாள்.

'ஏ வாளி, தன் ஆட்டைத் தானே பாக்கத் துப்பில்லாதவளுக்கு வாயப் பாரு!' என்றேன்.

ஆட்டை ஓட்டிக்கொண்டு போக வேலிச்சந்தில் நுழைந்தாள். குட்டையன் என்ன நினைத்தானோ, இது பதினைந்தாவது என்று நினைத்துவிட்டான். பின்னால் போய் அவள் குதிகாலில் மெதுவாக ஒரு கவ்வு. பல் பதியவில்லை, ஆனால் அவள் எகிறிவிட்டாள். இந்தப்பக்கம் போனால் இங்கே நிற்கிறான், அந்தப்பக்கம் போனால் அங்கே நிற்கிறான். கடைசியில் ஆட்டோடு ஆடாக அவளையும் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். பதினைந்து வருஷம் கழித்து என் முற்றத்தை மிதித்தவள், மூச்சு வாங்கிக்கொண்டு, நடுவில் நிற்கிறாள். பக்கத்தில் அந்தக் கிடாயின் பேரன்.

நான் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

21-12-2008, ஞாயிறு

இன்றைக்கும் நாலு மணிக்குப் பதினான்கு ஆடு.

22-12-2008, திங்கள்

இன்றைக்கும். வேலிச்சந்தை முள் வைத்து அடைத்தேன். சுற்றி ரோட்டு வழியாக ஓட்டிவந்தான்.

27-12-2008, சனி

வள்ளி இப்போது தேடி அலைவதே இல்லை. நாலு மணி ஆனதும் கையை வீசிக்கொண்டு என் முற்றத்துக்கு வருகிறாள், ஆட்டை எண்ணுகிறாள், போகிறாள். கோழியை விட்டுவிட்டாள். சாடையெல்லாம் நாயிடம்தான்.

'ஏ குட்டையா, அந்தச் செவலைக்குட்டி நொண்டுதே, நீ பாக்கலையாக்கும்?'

நான் வாளியை வைத்துவிட்டு நாயிடமே பதில் சொன்னேன்: 'குட்டையா, அதுக்குக் கொளம்புல முள்ளு. காலையிலயே பாத்தாச்சுன்னு சொல்லு.'

'குட்டையா, மஞ்சப்பத்து இருக்கான்னு கேளு.'

'இருக்குன்னு சொல்லு குட்டையா. ஆனா குடுக்குறதுக்கில்ல.'

கொடுத்தேன். ஆட்டுக்காகக் கொடுத்தேன்.

நாய் இவள் பக்கமும் என் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கழுத்து வலித்திருக்கும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஆடு இப்போது என் கன்றைக் கடிப்பதில்லை. வரிசைக்குள் கால் வைக்க இவன் விடுவதில்லை. ஒன்பது நாளாக ஒரு கன்றும் போகவில்லை.

4-1-2009, ஞாயிறு

பொங்கலுக்குப் பத்து நாள். உட்கார்ந்து யோசித்தேன்.

வேண்டாம் என்பதற்கு: முடி. தீனியைக் குறைத்ததிலிருந்து என்னை முறைக்கிறான், நேற்று வெண்டைக்காய்க் கூடையைத் தள்ளித் தின்றான். வெயில் தாங்காது. திருடன் வந்தால் வயிற்றைக் காட்டுவான். நான் விழுந்தால்? நேற்று சோதித்துப் பார்த்தேன். முற்றத்தில் வேண்டுமென்றே படுத்து 'ஐயோ, குட்டையா' என்று கத்தினேன். வந்தான், முகத்தை நக்கினான், பக்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டான். எதிர்வீட்டு ஆள் பார்த்துவிட்டு 'என்ன மதினி, வெளையாட்டா?' என்று கேட்டதுதான் மிச்சம்.

வேண்டும் என்பதற்கு:

ஒன்றும் எழுத வரவில்லை. எழுதினால் பொய்யாக இருக்கும், எழுதாவிட்டாலும் பொய்யாக இருக்கும்.

இடுப்பு உயர நாய்தான் எனக்குச் சரி. இது சரியில்லை. பூமியிடம் சொல்லிவிட வேண்டியதுதான். அப்புறம் மதுரை. மூன்றாவது மாடி. சரி, என்ன செய்ய?

5-1-2009, திங்கள்

போனில் சொல்லிவிட்டேன். 'சரிப்படலைல. ஓசூருக்கே அனுப்பிரு.' 'அப்ப மதுரைக்குச் சாமான் கட்டிருங்கம்மா' என்றான் பூமி.

போனை வைத்தால் இவன் ஈரத்தில் மல்லாந்து கிடக்கிறான், நாலு கட்டைக்காலும் வானத்தைப் பார்க்க. உன்னைப் பற்றித்தான்டா பேசினேன்.

9-1-2009, வெள்ளி

பானை இரண்டு, அம்மி, வேஷ்டிப்பெட்டி கட்டியாயிற்று. வாயில் எதுவும் பிடிக்கவில்லை.

14-1-2009, புதன். பொங்கல்

நேற்று எல்லாரும் வந்துவிட்டார்கள். இன்று காலையில் பால் கிழக்கே பொங்கியது. நாயைக் கொண்டுபோக ஓசூர்க்காரருடைய கார் நாளைக்கு வருகிறது என்று பூமி சொன்னான். இந்துஜா கரும்பைத் தொடவில்லை.

நாலு மணி. ஆடு வந்தது. பின்னாலேயே வள்ளி, கையில் ஒரு தூக்குச்சட்டி. பூமி இருப்பதைப் பார்த்தும் பாராதது மாதிரி நாயிடம் குனிந்தாள்.

'ஏலே குட்டையா, ஓசூருக்குப் போறியாமே? வேணாம்னுட்டாகளாமே ஒன்னைய? நீ எதுக்குலே அம்புட்டுத் தூரம் போற? எங்கிட்ட வந்துரு. இந்தா, எட்டி வச்சா எங்க வீடு.'

பூமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. 'நெசமாவா அத்தை? நீங்க வச்சுக்கிறீகளா?'

'வச்சுக்கிறேன்யா. நான் இதுக்குக் கால் நீளமா இருக்கணும்னெல்லாம் கேக்கல.'

அந்தப் பாவி நாய் எழுந்து அவளிடம் போய் வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ. வாளியைப் பார்க்கவில்லை, நாயைப் பார்க்கவில்லை, அவள் மூஞ்சியையே பார்த்துச் சொன்னேன்:

'ஏண்டி, அது என் நாய்டி!'

ஆடு பதினான்கும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

அவளும் என்னை நேராகப் பார்த்தாள். 'அப்ப எதுக்கு மதினி வேணாம்னீக?'

'நான் ஆயிரஞ் சொல்லுவேன். ஒனக்கென்ன? ஒருத்தி வேணாம்னா ஒடனே தூக்கிட்டுப் போயிருவியா?'

'நீங்க மதுரைக்குப் போயிட்டா இது எங்க கெடக்கும்?'

'எவ போறா மதுரைக்கு?'

சொன்ன பிறகுதான் கேட்டது, என்ன சொன்னேன் என்று. பூமி இடையில் வந்தான். 'அம்மா, தனியா இருந்து மறுபடி விழுந்தீங்கன்னா? இந்த நாய் ஆளைக் கூப்பிடாதுன்னு நீங்கதான போன்ல சொன்னீங்க?'

வள்ளி அவன் பக்கம் திரும்பினாள். 'எதுக்குய்யா ஆளைக் கூப்பிடணும்? என் ஆடு பதினாலும் இங்கனல்ல வந்து நிக்குது. மழையோ வெயிலோ, நாலு மணிக்கு நான் வந்துதான ஆகணும்? வந்தா இவுக கெடக்காகளா நிக்காகளான்னு கண்ணுல படாமயா போகும்?'

'தெனமுமா வாரீக அத்தை?'

'இல்லாம? ஒங்கம்மாவப் பாக்க வரலைய்யா. ஆட்டுக்கு வாரேன்.'

பூமி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், நாயைப் பார்த்தான். போனை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனான். ஓசூர்க்காரரிடம் மன்னிப்புக் கேட்கிற சத்தம் வந்தது. இந்துஜா கரும்பை எடுத்துக் கடித்தாள்.

தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல். கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. சொன்னேன்.

15-1-2009, வியாழன்

கட்டிய பானையை அவிழ்த்தேன்.

2-2-2009, திங்கள்

பூமி குடும்பத்தோடு மஸ்கட் போய்ச் சேர்ந்துவிட்டான். போனில் இந்துஜா முதலில் நாயைத்தான் கேட்டாள். போனை அதன் காதில் வைத்தேன். இரண்டு நிமிஷம் மூச்சு விடாமல் கேட்டான். என் மகனிடம் நான் பேச வேண்டிய நேரம் அவ்வளவும் போனது.

11-5-2009, திங்கள்

கத்திரி வெயில். குட்டையன் காலை வேலையெல்லாம் ஏழு மணிக்குள் முடித்துக்கொள்கிறான். அப்புறம் நாலு மணிக்கு ஆட்டை ஓட்டப் போகும்வரைக்கும் ஈரச்சாக்குத்தான்.

இன்றைக்கு நாலு மணிக்கு ஆடு வரவில்லை. நாலரை ஆயிற்று. குட்டையனையும் காணோம். செருப்பைப் போட்டுக்கொண்டு வேலிச்சந்து வழியாகப் போனேன். ஆடு பட்டியிலேயே அடைந்து கிடக்கிறது, காலையிலிருந்து அவிழ்த்தே விடவில்லை. வள்ளி உள்ளே கட்டிலில் காய்ச்சலோடு கிடக்கிறாள். இவன் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தான், கூப்பிட்டேன், வரவில்லை.

ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். அவள் அடுப்பிலேயே கஞ்சி வைத்தேன். அடுப்படி எங்கே என்று எனக்குத் தெரியாது, தேட வேண்டியிருந்தது. நெற்றியில் பத்துப் போட்டுவிட்டேன். எழுந்து உட்கார்ந்து நாலு வாய் குடித்தாள்.

'உப்பு கம்மி மதினி' என்றாள்.

நாளைக்கும் இதே உப்புத்தான்.